பத்து நிமிட நடை, தினம் ஒரு படம்

(குன்னூரில் இளைஞர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

சீசன் நேரத்தில் மலைக்கு வருகிறவர்கள் தொட்டபெட்டாவிலும் சிம்ஸ் பூங்காவிலும் மலை ரயிலின் முன்னாலும் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆசையோடு வருகிறார்கள், நல்லது. என் கவலை இங்கேயே பிறந்து வளர்ந்த நம்மைப் பற்றியது. நம் தெருவை நாம் கடைசியாக எப்போது படம் எடுத்தோம்?

நான் கேத்திக்காரன். நாலு வருஷமாகத் தினமும் ஒரு படம் எடுக்கிறேன். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குப் பத்து நிமிட நடை. அந்தப் பாதைக்குள்ளேயே எடுக்க வேண்டும் என்பது நானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. இருபதே நாளில் எல்லாம் தீர்ந்துவிட்டது. சில்வர் ஓக் மரம், டீக்கடை பாய்லர், கழுவிக் குவித்த கேரட், எல்லாம் எடுத்தாயிற்று. இருபத்தோராம் நாள் எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றேன். அப்போதுதான் பொருளை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

உறைபனியைச் சொல்கிறேன். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். அதனால்தான் ஜனவரி விடிகாலையில் மேட்டில் இல்லாத பனி கீழே புல்வெளியில் வெள்ளையாகக் கிடக்கிறது. வெயில் பட்டதும் கரைகிறது. ஆனால் மரத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் அப்படியே இருக்கும். பச்சைப் புல்லின் மேல் மரத்தின் நிழல் வெள்ளையாகக் கிடக்கும்! சூரியன் ஏற ஏற, ஓரத்திலிருந்து அதுவும் அழிந்துபோகும். முப்பது வருஷம் இதை மிதித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறேன்.

இந்தப் பனியைப் போனில் எடுத்தால் அழுக்குச் சாம்பலாக வரலாம். கேமரா வெளிச்சத்தை அளக்கும்போது காட்சியை நடுத்தரச் சாம்பலாகவே எண்ணிக்கொள்ளும். எங்கும் வெள்ளையாக இருந்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். மூடுபனிக்கும் இதே கதைதான். திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள், வெள்ளை வெள்ளையாக வரும். அப்புறம், குளிரிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் கேமராவைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். அரை மணி நேரம் உள்ளேயே இருக்கட்டும். குளிர்ந்த லென்சில் வீட்டுக் காற்றின் ஈரம் படிந்து தங்கினால் நம் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

ஊட்டி இந்து நகரில், 1960இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இருந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் நம் மலையிலிருந்துதான் போனது. இன்று ஆலை ஓடவில்லை. ஒரு சுருளுக்கு 36 படம். தினம் ஒன்று என்றால் ஒரு மாதத்துக்கும் மேலே வரும். போன் வந்த பிறகும் எனக்கு அந்தக் கணக்குதான் பிடித்திருக்கிறது. பத்து எடுத்து ஒன்பதை அழிப்பதில்லை. நின்று பார்த்து, ஒன்றே ஒன்று.

பாதை வளைவில் கல் அடுக்கிய ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. நான் அதிகம் எடுத்தது அதைத்தான். ஜூலையில் பாசி தடித்து மெத்தையாகிவிடும். ஒரே இடுக்கிலிருந்து வருஷா வருஷம் ஒரு பெரணி சுருண்டு எழும். மார்ச்சில் எல்லாம் காய்ந்து, கல்லின் மஞ்சள் தெரியும். போன வருஷம் நவம்பர் மழையில் ஓர் இரவு சுவர் சரிந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தேன், வெறும் சேறு. அன்றைக்கும் படம் எடுத்தேன், கை ஓடவில்லை.

இப்போது அங்கே கான்கிரீட் சுவர் நிற்கிறது. மழமழவென்று, சாம்பல் நிறத்தில். ஆரம்பத்தில் பார்க்கவே பிடிக்கவில்லை, இருந்தாலும் வாரம் ஒருமுறை அதையும் எடுத்தேன். இந்த ஜூன் மழைக்கு அப்புறம், தண்ணீர் வடிய வைத்த குழாய்க்குக் கீழே, விரல் அகலத்துக்குப் பச்சை இறங்கியிருக்கிறது. நேற்று எடுத்த படம் அதுதான்.