வெள்ளிக்கு முன்னால் மனிதர்கள்

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

கெர்சொப்பா என்ற கப்பலின் பெயர் உங்கள் காதில் விழுந்திருந்தால் அது வெள்ளியால்தான் இருக்கும். 2012, 2013 ஆண்டுகளில் அட்லாண்டிக்கில் ஏறத்தாழ 4,700 மீட்டர் ஆழத்திலிருந்து 2,700-க்கும் மேற்பட்ட வெள்ளிப் பாளங்களை மேலே கொண்டுவந்தார்கள். உலகமெங்கும் செய்தியானது. அந்தக் கப்பலில் இருந்த ஆட்களைப் பற்றிப் பேசத்தான் நான் வந்திருக்கிறேன்.

கர்நாடகத்தின் ஜோக் அருவிக்குக் கெர்சொப்பா அருவி என்றும் பெயர் உண்டல்லவா, அந்தப் பெயர்தான் கப்பலுக்கும். 1940 டிசம்பரில் கல்கத்தாவில் தேயிலை, வார்ப்பிரும்பு, வெள்ளி ஏற்றிக்கொண்டு புறப்பட்ட நீராவிக் கப்பல். ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் கான்வாயோடு, அதாவது போர்க்காலத்தில் பாதுகாப்புக்காகக் கூட்டமாகச் செல்லும் கப்பல்களோடு சேர்ந்தது. வடக்கே புயல் பிடித்துக்கொண்டது. எதிர்க்காற்றில் எரிக்கும் நிலக்கரி தீர்ந்துகொண்டே வந்தது. இங்கிலாந்து வரை தாங்காது என்று தெரிந்ததும் கேப்டன் கான்வாயை விட்டு விலகி, அயர்லாந்தின் கால்வே துறைமுகத்துக்குக் கப்பலைத் திருப்பினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; கரி இல்லாமல் நடுக்கடலில் நிற்பதும் சாவுதான்.

1941 பிப்ரவரி நடுவில் ஒரு நள்ளிரவு நேரம், யு-101 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கியது. பாய்மரம் சாய்ந்து வயர்லெஸ் கம்பி அறுந்தது. உதவி கேட்டு ஒரு வார்த்தை அனுப்ப முடியவில்லை. சுமார் இருபது நிமிடத்தில் கப்பல் போய்விட்டது.

ஒரே ஒரு படகு 13 நாள் குளிரிலும் தாகத்திலும் மிதந்து, மார்ச் 1 அன்று இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள லிசர்ட் முனையை எட்டியது. படகில் பெரும்பாலோர் வழியிலேயே இறந்துபோனார்கள். மிஞ்சிய சிலரையும், கரை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அலை படகைக் கவிழ்த்து வாரிக்கொண்டது. பிழைத்தவர் இரண்டாம் அதிகாரி ரிச்சர்ட் அயர்ஸ் ஒருவரே. மற்ற 85 பேரும் திரும்பவில்லை.

அந்த 85 பேரில் பெரும்பாலோர் லஸ்கர்கள், நம் நாட்டு மாலுமிகள். பிரிட்டிஷ் கப்பல்களின் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போட்ட கைகள் இவர்களுடையவை. சம்பளமோ வெள்ளைக்கார மாலுமி வாங்கியதில் கால்பங்குகூடத் தேறாது. 1939-ல் போர் மூண்டதும் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த லஸ்கர்களைப் பிரிட்டனில் சிறையில் அடைத்தார்கள். அப்படி நடத்தப்பட்டவர்கள்தான் அந்நாட்டுக்குத் தேயிலையும் இரும்பும் கொண்டுபோனார்கள்.

இரண்டாம் உலகப்போரில் மாண்ட இந்தியக் கடலோடிகள் 6,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தாங்கிய நினைவுப் பதிவேடு மும்பையிலும் சிட்டகாங்கிலும் இருக்கிறது. மும்பை போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கி அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.