பிடி அரிசி போன திசை

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டு அடுப்பங்கரையில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் சிறிய மண்கலயம் ஒன்று இருந்தது. உலையில் அரிசி போடும் முன் பாட்டி ஒரு பிடி அள்ளி அதில் போடுவார். அரிசி குறைவாக இருந்த நாள்களிலும் அந்தப் பிடி நின்றதில்லை. ஞாயிற்றுக்கிழமை அது கோவிலுக்குப் போகும். கேட்டால், “மிஷனரிக்கு” என்பார். மிஷனரி என்றால் கப்பலில் வந்த வெள்ளைக்காரர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். “நம்ம ஊர்க்காரர்கள் தெலுங்கு நாட்டுக்குப் போயிருக்கிறார்கள், அவர்களுக்கு” என்று பாட்டிதான் விளங்க வைத்தார்.

அந்தக் கலயத்தின் கதை யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. 1902இல் அங்கே போன இளைஞர் வே. சா. அசரியா, யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் கடல் தாண்டித் தமிழ்நாட்டுக் கரையில் தொண்டிப் பக்கம் ஊழியம் நடத்துவதை அறிந்தார். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த அவருக்கு அது சுருக்கென்று தைத்தது. இத்தனை தலைமுறையாக நற்செய்தியைப் பெற்றுக்கொண்ட திருநெல்வேலி யாருக்கு என்ன கொடுத்தது? அடுத்த ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஊழியரும் நம்மவர், பணமும் நம்முடையது, நிர்வாகமும் நம் கையில். தெலுங்கு நாட்டில், நிஜாம் ஆட்சியில் இருந்த டோர்னக்கல் அதன் களமாயிற்று.

1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. வந்திருந்த 1,200 பேரில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. 35 வயது அசரியா எழுந்து பேசினார். ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள். அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அன்பு இல்லாமல் ஆஸ்தியையும் உடலையும் கொடுத்தாலும் பயனில்லை என்ற பவுலின் வசனத்தை நெஞ்சில் வைத்திருந்தவர்களுக்கு அது எங்கே போய்க் குத்தியிருக்கும் என்று சொல்லவா வேண்டும்? முகம் சுளித்தவர்களும் அந்த அவையில் இருந்தார்கள்.

அன்று உலகக் கிறிஸ்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஐரோப்பாவில் வாழ்ந்தார்கள். நூறு ஆண்டு கழித்துப் பார்த்தால் அங்கே கால் பங்கினர்தான். கொரியப் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையை எடுத்துக்கொள்ளுங்கள். 1907இல் முதன்முதலாக ஏழு கொரியர்கள் போதகர்களாக அபிஷேகம் பெற்றார்கள். அவர்களில் ஒருவரைக் கையோடு ஜேஜு தீவுக்கு மிஷனரியாக அனுப்பிவிட்டார்கள். சில ஆண்டுகளில் சீனாவின் ஷாண்டாங்குக்கும் ஆள் போயிற்று. நாடே அப்போது ஜப்பானியர் பிடியில் இருந்தது. கையில் வசதி சேரட்டும், பிறகு கொடுக்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. இன்று நைஜீரியர்கள் லண்டனில் சபை நடத்துகிறார்கள்.

இதில் எனக்கு உள்ள மகிழ்ச்சி பெரிது. கூடவே ஒரு பயமும் உண்டு. மிஷனரிகளைப் பெறும் இடத்தில் இருந்த நாம் அனுப்பும் இடத்துக்கு வந்துவிட்டோம். அசரியா அன்று கேட்ட நட்பை இன்று நம்மிடம் யாரோ கேட்கிறார்கள். அனுப்புகிறவரிடமும் அது கேட்கப்படும் என்பதை அசரியா அறிந்திருந்தார். 1912இல் பேராயரான பிறகும் தெலுங்கு மக்களிடையே அவர் வெளியூர்க்காரர்தான். அவர்கள் மொழியைக் கற்றார். 1939இல் பிரதிஷ்டையான டோர்னக்கல் பேராலயத்தைப் பாருங்கள். இந்துக் கோவிலின் சாயலும் பள்ளிவாசலின் சாயலும் அதில் சேர்ந்தே நிற்கின்றன. இங்கிலாந்து ஆலயத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து அவர் அங்கே நடவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வடக்கே ஒரு மலைக் கிராமத்துக்குப் போயிருந்தேன். நம் ஊழியர் ஒருவர் அங்கே இருக்கிறார், உண்மையான மனிதர். ஞாயிறு ஆராதனையில் பாடிய பாட்டுகளில் சொற்கள் அவர்கள் மொழி. மெட்டு மட்டும் அப்படியே நம் கன்வென்ஷன் பந்தல் மெட்டு. பெண்கள் வாயை அசைத்தார்கள், குரல் வரவில்லை. தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் தமிழில் கீர்த்தனை கட்டித் தராமல் போயிருந்தால் நாமும் இப்படித்தானே நின்றிருப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை அதே பெண்கள் முற்றத்தில் கைகோத்து வட்டமாக ஆடிப் பாடினார்கள். மலை முழுவதும் கேட்டிருக்கும். “இப்படிக் கோவிலில் பாடுவதில்லையா?” என்று ஊழியர் மூலமாகக் கேட்டேன்.

ஒரு மூதாட்டி சிரித்தார். “பாடச் சொல்லி யாரும் கேட்கவில்லையே.”

அதை எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, ஊழியர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து சிறிய நோட்டை எடுத்தார். அந்த அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முதல் அடியை மெதுவாகச் சொல்லச் சொல்லி எழுதத் தொடங்கினார்.

வணக்கம்.