கட்டிக்கும் கொழுப்பு வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். புற்றுநோய் செல் சர்க்கரையைத் தின்று வளர்கிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1920களில் ஆட்டோ வார்பர்க் கண்டறிந்த விஷயம் அது, பொய்யில்லை. ஆனால் சர்க்கரைப் பேச்சிலேயே கொழுப்பு மறந்துபோய்விட்டது.

ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் இரண்டுக்கும் போதுமான சவ்வு வேண்டும். சவ்வில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. நம் உடலின் பெரும்பாலான சாதாரண செல்கள் ரத்தத்தில் வரும் கொழுப்பு அமிலங்களை எடுத்துக்கொண்டு காலம் தள்ளும். பல புற்றுநோய் செல்களோ சொந்தமாகவே தயாரிக்கத் தொடங்கிவிடுகின்றன. கொழுப்பு அமில சிந்தேஸ் என்ற நொதி இரண்டு இரண்டு கார்பனாகக் கோத்து, 16 கார்பன் உள்ள பால்மிடேட் என்ற கொழுப்பு அமிலத்தை உருவாக்குகிறது. கடுமையான மார்பகப் புற்றுநோய்களில் தென்பட்ட ஒரு மர்மப் புரதம் இந்த நொதிதான் என்று 1994ல் தெரியவந்தது.

சரி, நொதியை அடைத்துவிட்டால் போதாதா? முயன்றார்கள். சி75 என்ற மருந்து, பக்கவிளைவாக, எலிகளின் பசியையே அடக்கி எடையைக் குறைத்துவிட்டது. எடை குறைக்கத் தரும் ஆர்லிஸ்டாட் மாத்திரையும் இதே நொதியைத் தடுக்கிறது. ஆனால் அது குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் போவது மிகக் குறைவு. எடை குறைப்பு வேலை குடலிலேயே நடப்பதால் அதற்கு அது வசதி, கட்டியைத் தாக்க அதுவே இடைஞ்சல். அப்புறம் வந்த டெனிஃபான்ஸ்டாட் என்ற மருந்துதான் மனிதர்களிடம் சோதிக்கும் கட்டத்துக்கு வந்தது.

என்னைக் கேட்டால் பெரிய தலைவலி மருந்தில் இல்லை, செல்லின் சாமர்த்தியத்தில் இருக்கிறது. வீட்டில் சமைக்க விடாவிட்டால் வெளியே வாங்கிக்கொள்ளும்! சினைப்பைப் புற்றுநோய் குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புப் போர்வைக்குப் பரவுவதை விரும்புகிறது. அங்குள்ள கொழுப்புச் செல்கள் தம் சேமிப்பை அதற்குக் கைமாற்றிக் கொடுப்பதை 2011ல் காட்டினார்கள். 2017ல் இன்னொரு ஆய்வு. வாய்ப் புற்றுநோய் செல்களில் பரவும் திறன் கொண்ட சிலவற்றின் மேற்பரப்பில் சிடி36 என்ற புரதம் மிகுதியாக இருந்தது. கொழுப்பு அமிலத்தை உள்ளே இழுக்கும் வாசல் அது. எலிகளில் அந்த வாசலை ஆன்டிபாடியால் அடைத்தபோது பரவல் வெகுவாகக் குறைந்தது. முதலில் தோன்றிய கட்டியின் வளர்ச்சி அவ்வளவாக மாறவில்லை. ஆக, வளர்வதற்கும் பரவுவதற்கும் ஒரே கொழுப்புக் கணக்கு இல்லை. ஒரு வழியை மட்டும் அடைத்தால் போதும் என்று நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

எரிபொருளாகவும் கொழுப்பு பயன்படுகிறது. ஒரு பால்மிடேட் மூலக்கூறு முழுதாக எரிந்தால் 106 ஏடிபி, அதாவது செல் ஆற்றலுக்குச் செலவழிக்கும் மூலக்கூறு, கிடைக்கும். குளுக்கோஸில் சுமார் 30தான். செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொழுப்பு போகும் பாதையை மறிக்கும் எட்டோமாக்சிர் என்ற மருந்து, இதய நோயாளிகளிடம் சோதித்தபோது கல்லீரலைப் பாதித்ததால் நிறுத்தப்பட்டது. அளவு கூடினால் அது வேறு புரதங்களையும் தாக்கும் என்பது பிறகு தெரிந்தது. அதை வைத்து வந்த பழைய முடிவுகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

"அப்படியானால் கொழுப்பே சாப்பிடாமல் இருந்தால்?" இந்தக் கேள்வி எப்போதும் வரும். பட்டினி கிடந்தால் உடலில் சேர்ந்த கொழுப்பு கரைந்து ரத்தத்துக்குத்தான் வருகிறது. கட்டி அதையும் எடுத்துக்கொள்ளும்; மெலிவது நோயாளிதான்.