நெல் ஊறிய தண்ணீரில் ஹைட்ரஜன்

வணக்கம் மக்களே. அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலையின் பின்புறம் நிற்கிறேன். புழுங்கலுக்கு நெல்லை ஊறவைத்து வடித்த தண்ணீர் இந்தத் தொட்டியில் தேங்கியிருக்கிறது. மங்கிய மஞ்சள் நிறம், மூக்கைத் துளைக்கும் புளித்த வாடை. கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன், ஓரத்தில் குமிழி குமிழியாகக் கிளம்புவதைப் பாருங்கள்.

இதில் மாவும் சர்க்கரையும் கரைந்திருக்கின்றன. காற்றுப் புகாத கலனில் இதை அடைத்தால் கிளாஸ்ட்ரிடியம் போன்ற பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று, எரிபொருளாகும் ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். வெயிலும் வேண்டாம், தண்ணீரைப் பிளக்க மின்சாரமும் வேண்டாம். ஆனால் மீத்தேன் நுண்ணுயிரிகள் கூடவே இருந்தால், ஹைட்ரஜன் பிறந்த கையோடு அதை விழுங்கி மீத்தேனாக்கிவிடும். சாண எரிவாயுக் கலனில் நடப்பது அதுதான்.

அதைத் தடுக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. நம் கலனில் பாக்டீரியாக்களை விதைக்க, சாண எரிவாயுக் கலனின் கசடை எடுத்து நன்றாகக் கொதிக்கவைக்கிறார்கள். மீத்தேன் கூட்டம் மடிந்துபோகிறது. கிளாஸ்ட்ரிடியமோ கெட்டியான ஓட்டுக்குள் வித்தாக ஒடுங்கிப் பிழைத்து, சூடு ஆறியதும் முளைத்து வருகிறது! அமிலத்தன்மையை பி.எச். 5.5 அளவில் வைத்துக்கொண்டால் மீத்தேன் கூட்டம் மறுபடி தலையெடுப்பது கடினம்.

பச்சைப்பாசியும் வெளிச்சத்தில் ஹைட்ரஜன் தரும். காஃப்ரான், ரூபின் என்ற விஞ்ஞானிகள் 1942-லேயே காட்டிவிட்டார்கள். ஆனால் பாசி விடும் ஆக்சிஜனே, ஹைட்ரஜனை உண்டாக்கும் அதன் நொதியை முடக்கிவிடுகிறது. நம் ஆலைகளுக்கு அது சரிப்படாது.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து கணக்குப்படி 12 ஹைட்ரஜன் மூலக்கூறுகள் வரலாம்; இந்த நொதித்தலில் அதிகபட்சம் 4. மிச்சம் அசிட்டிக், பியூட்டிரிக் அமிலங்களாகத் தங்கிவிடும். இதைச் சொல்லாமல் 'கழிவு நீரில் கார் ஓடும்' என்று தலைப்புப் போடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அந்த அமிலத் தண்ணீரை இரண்டாவது கலனுக்கு அனுப்பி மீத்தேன் எடுப்பதுதான் புத்திசாலித்தனம். இரண்டு வாயுக்களையும் உமி எரிக்கும் கொதிகலனிலேயே சேர்த்து எரிக்கலாம். வாய்க்காலுக்குப் போகும் தண்ணீரின் கெடுதலும் குறையும். தாமிரபரணிக்காக எனக்கு அதுவே முக்கியம்.

நம் பக்கம் பசுமை ஹைட்ரஜன், அதாவது கரியமில வாயுவை அதிகம் கிளப்பாமல் எடுக்கும் ஹைட்ரஜன், என்றால் தூத்துக்குடித் துறைமுகமும் காற்றாலை மின்சாரமும்தான் பேச்சு. மத்திய அரசு 2023-இல் வகுத்த வரையறை உயிர்க்கழிவிலிருந்து எடுப்பதையும் ஏற்கிறது. கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோ கரியமில வாயுவுக்கு மேல் போகக் கூடாது, அவ்வளவுதான். பெரிய ஆலைகளுக்கு நடுவே சின்ன அரிசி ஆலைக்கும் ஒரு சோதனைக் கலன் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

ஆலை நடத்தும் அண்ணாச்சிமார் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், தினம் எத்தனை லிட்டர் ஊறல் தண்ணீர் வெளியேறுகிறது, அதை இப்போது என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். அதை வைத்துக் கலனின் அளவை அடுத்த காணொளியில் கணக்குப் போடுகிறேன்.