ஜேட் கல்லில் தெரிவது பிறவிக் கோடா, வெடிப்பா?

[காட்சி: செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றின் மேசையில் வெளிர்பச்சை ஜேட் காப்பு.]

கொழும்புச் செட்டியார் தெருவில் நீலக்கல்லையும் புஷ்பராகத்தையும் பார்த்துப் பழகியவர்களுக்கு ஜேட் சற்று அந்நியமான கல்லாகவே தோன்றும். நீலக்கல் ஒற்றைப் படிகம். ஜேட்டோ எண்ணற்ற நுண்படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து இறுகிய பாறை. ஆகவே, அதனுள் வெண்மேகம் போன்ற திட்டுகளும் பச்சை நரம்புகளும் கரும்புள்ளிகளும் இருப்பது இயல்பே. அவற்றைப் பழுதென்று எண்ணி நல்ல கல்லை ஒதுக்குவோரும் உண்டு. வெடிப்பைப் பிறவிக் கோடு என்று நம்பி வாங்குவோரும் உண்டு. பின்னவரின் இழப்பே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஜேட் என்ற ஒரே பெயருக்குள் ஜேடைட், நெஃப்ரைட் என இரண்டு வகைகள் அடங்குகின்றன என்பதை 1863இல் பிரெஞ்சு நாட்டுக் கனிமவியலாளர் அலெக்ஸி தாமூர் தெளிவுபடுத்தினார். பெயர்பெற்ற பச்சை ஜேடைட் மியன்மாரின் கச்சின் மாநிலத்திலிருந்து வருகிறது.

[காட்சி: காப்பின் அடியிலிருந்து டோர்ச் ஒளி.]

மண்ணுக்குள் இருந்தபோதே அழுத்தத்தால் பிளந்து, பின்னர் வேறு கனிமம் ஊறி நிறைந்து ஆறிப்போன பிளவைத்தான் பிறவிக் கோடு என்கிறோம். அது ஆறிய தழும்பு போன்றது. கல்லுக்குப் பின்னாலிருந்து டோர்ச் அடித்தால், அந்தக் கோட்டின் நிறம் மாறித் தெரியலாமே தவிர, ஒளி அதைக் கடந்து மறுபக்கத்துக்கும் பரவும். திறந்த வெடிப்பில் அப்படி நிகழாது: ஒளி அவ்விடத்திலேயே தடைப்பட்டு, ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் நிற்கும். கல்லை மெல்லச் சாய்க்கும்போது கோட்டுக்குள் வானவில் நிறங்கள் மின்னினால், உள்ளே காற்று புகுந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்து, நகத்தின் நுனியைக் கோட்டின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கினால் அது மேற்பரப்புவரை திறந்த வெடிப்பு. தடுக்காவிட்டால் கல் பழுதற்றது என்று முடிவுகட்ட வேண்டாம். மெழுகோ பிசினோ நிரப்பிய வெடிப்பும் நகத்துக்கு வழவழப்பாகவே இருக்கும். விளிம்பில் சிறு வெண்புள்ளி தெரிந்து, அதிலிருந்து மயிரிழைக் கோடுகள் கிளம்பினால் எங்கேனும் இடிபட்டிருக்க வாய்ப்புண்டு.

[காட்சி: பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைவில்லையில் கல்லின் மேற்பரப்பு.]

அமிலத்தில் வெளுத்துப் பிசின் ஏற்றிய ஜேடைட்டை வணிகத்தில் 'பி' வகை என்பார்கள். கைவில்லையில் அதன் மேற்பரப்பு பலவேளைகளில் சிலந்திவலைபோல் நுண்ணிய பள்ளங்களோடு காணப்படும். இது கல்லின் பிணைப்பையே தளர்த்தும் சேதம். சாயம் ஏற்றிய கல்லில் பச்சை நிறம் நரம்பாக ஓடாமல் நுண்படிகங்களின் இடுக்குகளில் தேங்கி நிற்கும். பிசினை உறுதியாகக் காட்டுவது அகச்சிவப்பு நிறமாலைச் சோதனை. கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையிடம் கல்லைக் காட்டும்போது, அச்சோதனையும் அறிக்கையில் சேருமா என்று கேளுங்கள்.

[காட்சி: காப்பு மெல்லச் சுழல்கிறது.]

காப்பு வாங்குவோர் கோட்டின் திசையையும் கவனிக்க வேண்டும். வளையத்தின் போக்கிலேயே ஓடும் ஆறிய கோட்டோடு காப்பைப் பல ஆண்டுகள் அணியலாம். குறுக்கே வெட்டிச் செல்லும் திறந்த வெடிப்பு, அது மண்ணுக்குள்ளேயே உண்டானதாக இருந்தாலும், கதவிலோ குழாயிலோ கை இடிபடும் ஒரு நாளில் காப்பை இரண்டாக்கிவிடக்கூடும். அப்படிப்பட்ட காப்பை நான் விலை குறைத்துத் தந்தாலும் வாங்கமாட்டேன்.