புதுப்பிக்க மறந்த படம்

(திரைப்படச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

நேற்று சாயங்காலம் இதே அரங்கில் படம் முடிந்து விளக்கைப் போட்டபோது நான் உங்கள் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். மீதிப் பேர் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அந்தக் கிழவன் கடைசிவரைக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவே இல்லையே சார்!" கேட்டவர் இன்றைக்கு வந்திருக்கிறாரா? கை தூக்குகிறீர்கள், நல்லது. உங்கள் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

படம் "இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்". 1946இல் ஃபிராங்க் காப்ரா எடுத்தது. நேற்று வராதவர்களுக்காகக் கதையை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். பெட்ஃபோர்ட் ஃபால்ஸ் என்று ஒரு சின்ன ஊர். ஜார்ஜ் பெய்லிக்கு அந்த ஊரை விட்டுப் போக வேண்டும், உலகம் சுற்ற வேண்டும், பாலம் பாலமாகக் கட்ட வேண்டும். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் வீட்டில் ஏதாவது ஒன்று நடந்து தங்கிவிடுகிறான். அப்பா விட்டுப்போன வீட்டுக்கடன் சங்கம் அவன் தலையில் விழுகிறது. ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவனுடைய சித்தப்பா பில்லி, வங்கியில் கட்ட எடுத்துப்போன 8,000 டாலரைத் தவறவிடுகிறார். அது ஊர்ப் பணக்காரர் பாட்டர் மடியில் போய் விழுகிறது. அவர் வாயைத் திறப்பதில்லை. ஜார்ஜ் ஆற்றுப் பாலத்தில் போய் நிற்கிறான். இன்னும் சிறகு கிடைக்காத, இரண்டாம் வகுப்பு தேவதூதர் ஒருவர் வந்து, "நீ பிறக்காமலே இருந்திருந்தால் இந்த ஊர் எப்படி இருந்திருக்கும்?" என்று காட்டுகிறார். அவ்வளவுதான்.

அந்த வீட்டுக்கடன் சங்கம் நம் மயிலாப்பூர்ப் பக்கத்து நிதிகளுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி. உறுப்பினர் போட்ட பணத்தையே இன்னொரு உறுப்பினருக்குக் கடனாகக் கொடுப்பார்கள். அதனால்தான் ஊரே பயந்துபோய்ப் பணத்தைத் திரும்பக் கேட்டு வரும்போது ஜார்ஜால் கொடுக்க முடியவில்லை. உங்கள் பணம் பெட்டியில் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் கட்டிய வீட்டில் இருக்கிறது என்கிறான். தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரை எடுத்துப் பங்கு வைக்கிறான். ஒரு அம்மாள் 17 டாலர் 50 சென்ட் போதும் என்கிறார். சந்தோஷத்தில் அந்த அம்மாளுக்கு ஒரு முத்தம். சாயங்காலம் கதவைச் சாத்தும்போது மிச்சம் 2 டாலர்.

சரி, இந்தப் படத்தைப் பார்த்து அமெரிக்கா முதல் நாளே உருகிவிட்டது என்று நினைத்தீர்களானால், அதுதான் இல்லை. 1946 டிசம்பர் 20ஆம் தேதி நியூயார்க்கில் வெளியானது. நாடு முழுக்க 1947 ஜனவரியில் போனது. கிறிஸ்துமஸ் முடிந்து, அலங்காரத்தையெல்லாம் கழற்றிப் பெட்டியில் வைத்த பிறகு வந்த கிறிஸ்துமஸ் படம்! செலவு 30 லட்சம் டாலருக்கு மேல். படத்தை வெளியிட்ட ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் கணக்கில் 5,25,000 டாலர் நஷ்டம் என்று எழுதினார்கள். நியூயார்க் டைம்ஸில் பாஸ்லி குரௌதர் நடிப்பைப் பாராட்டிவிட்டு, படத்தின் பலவீனமே அதன் உணர்ச்சிப் பெருக்குதான் என்றார். நேற்று சிரித்த பாதிப் பேர் குரௌதர் கட்சி.

ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தன. ஒன்றும் தேறவில்லை. தட்டிக்கொண்டு போன படம், போர் முடிந்து வீடு திரும்பும் மூன்று பேரைப் பற்றி வில்லியம் வைலர் எடுத்த படம். இந்த வைலர், காப்ரா சேர்ந்து தொடங்கிய லிபர்ட்டி ஃபிலிம்ஸ் நிறுவனத்தில் பங்குதாரர்! லிபர்ட்டியின் முதல் படம் காப்ராவுடையது. 1947லேயே கம்பெனியைப் பாரமவுண்டுக்கு விற்றுவிட்டார்கள். அந்த வருடத்து ரசிகர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வைலர் படத்தில், போர்ப்படையில் இருந்தபோது இரண்டு கையும் போன ஒரு மனிதரே நடித்தார். அதைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் தேவதூதர் கதை சொன்னால் எப்படி எடுபடும்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1947 மே மாதம் எஃப்.பி.ஐ.யின் லாஸ் ஏஞ்சலிஸ் கிளையிலிருந்து ஒரு குறிப்பு போகிறது. பாட்டரைப் படத்திலேயே ரொம்பக் கெட்டவராகக் காட்டியிருப்பது வங்கிக்காரர்களைக் கேவலப்படுத்தும் முயற்சி, இது கம்யூனிஸ்டுகள் வழக்கமாகச் செய்கிற உத்தி என்று. காப்ரா யார் தெரியுமா? சிசிலியிலிருந்து சின்னப் பையனாகக் கப்பலில் வந்து இறங்கி, ரிபப்ளிகன் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர். போர்க்காலத்தில் ராணுவத்துக்காகவே பிரசாரப் படங்கள் எடுத்துக் கொடுத்தவர். அவரைப் பார்த்தா இந்தச் சந்தேகம்!

அப்புறம் படம் ஏறக்குறைய மறந்தேபோனது. உரிமை கை மாறிக் கை மாறிக் கடைசியில் ஒரு விநியோக நிறுவனத்திடம் வந்து நின்றது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி ஒரு படத்துக்குக் காப்புரிமை முதலில் 28 வருடம். அதற்குப் பிறகு விண்ணப்பம் போட்டுப் புதுப்பிக்க வேண்டும். 1974இல் அந்த விண்ணப்பம் போகவில்லை. யார் மேஜையில் அந்தக் காகிதம் கிடந்ததோ, அந்த குமாஸ்தாவுக்கு ஒரு சிலை வைக்கலாம் என்பது என் கட்சி. அவரால்தான் படம் பொதுச் சொத்து ஆனது. டிசம்பர் மாதம் நேரத்தை நிரப்பத் திண்டாடும் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்களுக்குப் பைசா செலவில்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற ஒரு படம். விடுவார்களா? இந்தச் சேனலில் மத்தியானம், அந்தச் சேனலில் ராத்திரி என்று போட்டுத் தள்ளினார்கள்.

இங்கேதான் ரசிகர்கள் மாறுகிறார்கள். தியேட்டரில் டிக்கெட் வாங்கி, இருட்டில் ஒரே மூச்சாகப் பார்த்தவர்களுக்குப் பிடிக்காத படம், வீட்டுக் கூடத்தில் மரத்துக்கு விளக்குப் போட்டுக்கொண்டே, சமையலறைக்கும் டிவிக்கும் நடந்துகொண்டே, பாதியிலிருந்து பார்த்தவர்களுக்குப் பிடித்துப்போனது. பத்து வயதில் பார்த்த பையன் இருபதில் பார்த்தான். நாற்பதில் பார்க்கும்போது அவனுக்கே வீட்டுக்கடன் இருந்தது. நம் பக்கத்தில் ஒரே கூத்தை ஒவ்வொரு வருடத் திருவிழாவிலும் போட்டால், கதை தெரியாது என்று யாரும் உட்கார்வதில்லையே. அந்த மாதிரி. 1984இல் காப்ராவிடம் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை கேட்டபோது, இப்படி ஒன்றைத் தான் பார்த்ததே இல்லை என்றார். தன் பிள்ளை வளர்ந்து நாட்டின் ஜனாதிபதி ஆகிவிட்டால் ஒரு அப்பாவுக்குப் பெருமையாக இருக்கும், ஆனால் உழைத்தது பிள்ளைதானே என்ற பொருளில் பேசினார். படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் வருத்தமும் வரும்.

ஆனால் இலவசம் என்பதாலேயே ஒரு படம் நிலைத்துவிடாது. அதே போலப் புதுப்பிக்கப்படாமல் பொதுச் சொத்தான பழைய படங்கள் எத்தனையோ கிடக்கின்றன, யாரும் சீண்டுவதில்லை. இந்தப் படத்தை மட்டும் ஏன் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்? "நம்பிக்கை தரும் படம்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். 2006இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் உற்சாகமூட்டும் படங்கள் என்று நூறு படங்களை வரிசைப்படுத்தி, இதற்குத்தான் முதலிடம் கொடுத்தது. எனக்கு அதில் சம்மதமில்லை. ஜனங்களை உட்கார வைத்தது இதிலுள்ள எரிச்சல் என்பேன்.

8,000 டாலர் தொலைந்துவிட்டது, நாளை ஜெயில் என்று தெரிந்து ஜார்ஜ் வீட்டுக்கு வருகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. மகள் பியானோவில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பழகுகிறாள். மகன் நாடகமோ என்னவோ எழுதிக்கொண்டு, இந்த வார்த்தைக்கு எழுத்துக்கூட்டு என்ன அப்பா என்கிறான். சின்னவளுக்குக் காய்ச்சல். ஜார்ஜ் மாடிப்படி ஏறுகிறான். கைப்பிடிக் கட்டையின் உச்சியில் இருக்கிற மரக் குமிழ் வழக்கம்போலக் கழன்று கையோடு வருகிறது. அதை எறியக் கை ஓங்கி, எறியாமல் திரும்ப வைக்கிறான். மாடி ஏறுவதற்கு முன்னாலேயே, எதற்கு நமக்கு இத்தனை பிள்ளைகள் என்று மனைவியிடம் கேட்டிருக்கிறான். பிள்ளைகள் காதில் விழும்படி. கூடத்தின் மூலையில், இளைஞனாக இருந்தபோது கட்ட ஆசைப்பட்ட பாலத்தின் சின்ன மாதிரி ஒன்று மேஜைமேல் இருக்கிறது. கீழே இறங்கி வந்தவன் அதை உதைத்துத் தள்ளுகிறான். உடனே அறை முழுக்க அமைதி. எல்லாரும் அவனையே பார்க்கிறார்கள். அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டு, நீ வாசி அம்மா, ஏன் நிறுத்திவிட்டாய் என்கிறான் மகளிடம். யாரும் வாசிக்கவில்லை. குழந்தை அழுகிறது.

மாதக் கடைசியில் இப்படி ஒரு அப்பாவை வாசற்படியில் பார்த்திராத வீடு எந்த நாட்டில் இருக்கிறது? தேவதூதர் வருவதற்கு முன்னால் இந்தப் படம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடுகிறது. அதில் முக்கால்வாசி, ஆசைப்பட்டது எதுவும் கிடைக்காத ஒரு மனிதனுடைய கணக்கு. ரசிகர்கள் அந்தக் கணக்கைத்தான் சரிபார்க்க வருகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பற்றியும் சொல்ல வேண்டும். போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டி, ஜெர்மனிக்கு மேலே பறந்து திரும்பியவர். வந்ததும் நடித்த முதல் படம் இது. மதுக்கடையில் தனியாக உட்கார்ந்து, வழி தெரியவில்லை கடவுளே என்று வேண்டுகிற காட்சியில் அவருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. காமிரா கொஞ்சம் தள்ளி இருந்தது. மறுபடி எடுத்தால் அந்த அழுகை வராது என்று தெரிந்து, காப்ரா லேபில் அதே துண்டை ஒவ்வொரு ஃபிரேமாகப் பெரிதாக்கி நெருக்கக் காட்சியாக்கினார். வேண்டி முடித்த கையோடு ஜார்ஜுக்குப் பக்கத்திலிருப்பவனிடம் ஒரு குத்து விழுகிறது. வேண்டியதற்குக் கிடைத்த பலன் இது என்கிறான் ஜார்ஜ். கண்ணீரோடு பார்க்கிறவர்கள் இந்த இடத்தில் சிரித்துவிடுவார்கள், நேற்றும் சிரித்தீர்கள்.

அந்தப் பனியெல்லாம் கடுங்கோடையில் கலிஃபோர்னியாவில் எடுத்தது. பாலத்துக் காட்சியில் ஸ்டூவர்ட் முகத்தில் வியர்வை தெரியும். அதுவரை சினிமாப் பனிக்கு வெள்ளை பூசிய சோள அவலைக் கொட்டுவார்கள். காலடியில் நொறுநொறுவென்று சத்தம் போட்டு வசனத்தைக் கெடுக்கும். இந்தப் படத்துக்குத் தீயணைப்பு நுரையோடு சோப்புத் தண்ணீரைக் கலந்து, காற்றாடி வைத்து ஊதினார்கள். சத்தமில்லாத பனி. படத்துக்குக் கிடைக்காத ஆஸ்கர், அந்த நுரைக்குத் தொழில்நுட்ப விருதாகக் கிடைத்தது!

குறைகளும் உண்டு. ஜார்ஜ் பிறக்காத ஊரில் அவன் மனைவி மேரிக்கு நேர்ந்த பெரிய கொடுமை என்ன? கல்யாணமாகாமல், கண்ணாடி போட்டுக்கொண்டு, நூலகத்தில் வேலை பார்க்கிறாள். இன்றைக்கு எந்த ஊரில் போட்டாலும் பெண்கள் இந்த இடத்தில் சத்தமாகச் சிரிக்கிறார்கள், நியாயம்தான். ஜார்ஜ் பிறக்காத அந்த ஊருக்குப் பெயர் பாட்டர்ஸ்வில்; ராத்திரியெல்லாம் விளக்கும் சங்கீதமுமாக அது நன்றாகத்தானே இருக்கிறது என்று கேலி பேசுகிறவர்களும் உண்டு. எனக்கும் ஒரு தடவை அப்படித் தோன்றியது, மறைப்பானேன்.

இலவச ஓட்டம் எப்படி நின்றது என்று கேட்பீர்கள். படத்தின் உரிமை போனாலும் அதற்கு மூலமான சிறுகதையின் உரிமை போகவில்லை. அந்தக் கதைக்கும் ஒரு கதை உண்டு. எழுதிய ஃபிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் அதை எந்தப் பத்திரிகையிலும் விற்க முடியாமல், 1943இல் 200 பிரதி அச்சடித்து கிறிஸ்துமஸ் வாழ்த்தாக நண்பர்களுக்கு அனுப்பியவர். 1990இல் வேறொரு படம் சம்பந்தமான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மூலக்கதைக்காரர்களின் உரிமையை வலுப்படுத்தித் தீர்ப்புச் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு 1993இல் அதே விநியோக நிறுவனம், அதற்குள் ரிபப்ளிக் என்று பெயர் மாறியிருந்தது, இந்தப் படத்தைத் திரும்பக் கைப்பற்றியது. அந்த 1990 வழக்கில் தோற்ற பக்கத்தில் இருந்தவர்களில் ஒருவர் யார்? நம் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்தான். அடுத்த வருடத்திலிருந்து அமெரிக்காவில் ஒரே ஒரு தொலைக்காட்சி, என்.பி.சி., அதைத் தன் கையில் வைத்துக்கொண்டது.

காப்ரா நம் நாட்டுக்கும் வந்திருக்கிறார். 1952இல் பம்பாயில் தொடங்கி, சென்னைக்கும் வந்துபோன முதல் சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு அமெரிக்கா அனுப்பியது அவரைத்தான். அப்போது இந்தப் படம் தோல்விப் படம்.

இப்போது பின்வரிசைக் கேள்விக்கு வருகிறேன். அந்தக் காலத்து ஹாலிவுட் தணிக்கை விதிப்படி, திருடியவன் படம் முடிவதற்குள் மாட்ட வேண்டும். பாட்டர் மாட்டவில்லை, பணமும் திரும்பவில்லை. ஜனங்களுக்கு இது ஆறவே இல்லை. 1986இல் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில், தொலைந்துபோன கடைசிக் காட்சி கிடைத்துவிட்டது என்று சொல்லி, ஊரே திரண்டு போய்ப் பாட்டரை அடித்து நொறுக்குவதாக நடித்துக் காட்டினார்கள். நாற்பது வருடக் கோபம்!

காப்ரா செய்தது வேறு. வெளிநாட்டிலிருந்து நண்பன் 25,000 டாலர் வரை தருவதாகத் தந்தி அடிக்கிறான். அதோடு பிரச்சினை தீர்ந்தது. ஆனால் யாரும் நிறுத்துவதில்லை, கூடையில் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கணக்கைச் சோதிக்க வந்த அதிகாரியே தன் பையிலிருந்து எடுத்துப் போடுகிறார், கவனித்தீர்களா?

அந்த இடத்தில்தான் நீங்கள் தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்தேன். முப்பது வருடம் வங்கித் தணிக்கையில் இருந்ததாக வாசலில் சொன்னீர்கள். கூடையில் விழுந்த அந்தப் பணத்தை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்பதை நீங்களே சொல்லுங்கள். தம்பி, மைக்கைப் பின்னால் கொடுங்கள்.