விண்மீன் ஒளியை நிறம் நிறமா பிரிச்சா கருங்கோடுகள் தெரியும், ஒவ்வொண்ணும் ஒரு தனிமம் ஒளியை உறிஞ்சின தடம். கோடு தடிமனா இருந்தா தனிமம் அதிகமா?

[திரை: சூரிய நிறமாலை, ஊதா ஓரம்]

393.4 நானோமீட்டர்ல ஒரு தடித்த கருங்கோடு, 396.8ல இன்னொண்ணு. ரெண்டும் அயனியான கால்சியம். முதல் கோட்டோட சமான அகலம், அதாவது அது உறிஞ்சின மொத்த ஒளியை முழு இருட்டான ஒரு பட்டையா மாத்தினா வர்ற அகலம், சுமார் 2 நானோமீட்டர். சிவப்புல, 656.3ல இருக்கிற ஹைட்ரஜன் கோட்டுக்கு வெறும் 0.4தான். ஆனா சூரியன்ல ஒரு கால்சியம் அணுவுக்கு ஏறக்குறைய நாலரை லட்சம் ஹைட்ரஜன் அணு இருக்கு!

காரணம் வெப்பநிலை. 656.3ஐ உறிஞ்சணும்னா ஹைட்ரஜனோட எலக்ட்ரான் ஏற்கெனவே இரண்டாம் ஆற்றல் மட்டத்துல இருக்கணும். சூரியப் பரப்போட 5,770 கெல்வின்ல இருபது கோடி அணுவுல ஒண்ணுதான் அப்படி இருக்கும். கால்சியத்துல பெரும்பகுதி ஒரு எலக்ட்ரானை இழந்து, அடிமட்டத்துல இருந்தே அந்த ஊதா ஒளியை உறிஞ்சிடும். இந்திய இயற்பியலாளர் மேக்நாத் சாஹா 1920ல தந்த அயனியாக்கச் சமன்பாட்டை வெச்சு, 1925ல வானியலாளர் சிசிலியா பெய்ன் இதைக் கணக்குப் போட்டாங்க. விண்மீன்கள்ல ஹைட்ரஜன்தான் மிக அதிகம்னு தெரிஞ்சது. வானியல்ல இதைவிடப் பெரிய முடிவுகள் ரொம்பக் கொஞ்சம்.

[திரை: ஓ பி ஏ எஃப் ஜி கே எம்]

அதனால முதல்ல விண்மீனோட வகையைப் பிரிக்கணும். வெப்பம் மிகுந்த ஓ முதல் குளிர்ந்த எம் வரை ஏழு வகை. அயனியான ஹீலியம் தெரிஞ்சா ஓ. ஹைட்ரஜன் கோடுகள் உச்சத்துல இருந்தா ஏ. அபிஜித் விண்மீன் இந்த வகை. டைட்டானியம் ஆக்சைடு பட்டைகள் தெரிஞ்சா எம். திருவாதிரை இதுல சேரும். இதுக்குப் பிரிதிறன், அதாவது பக்கத்துப் பக்கத்து அலைநீளங்களைப் பிரிச்சுக் காட்டுற திறன், 1,000 போதும்.

[திரை: தோரியம்-ஆர்கான் விளக்கின் கோடுகள்]

தனிம அளவுக்கு 20,000க்கு மேல வேணும். தொலைநோக்கியிலேயே பொருத்தின நிறமாலைமானின்னா, அலைநீளத்தை அளக்க உதவுற இந்த விளக்கோட பதிவை, தொலைநோக்கி அதே விண்மீன்மேல இருக்கும்போதே எடுங்க. தொலைநோக்கி சாய்ஞ்சா கருவி லேசா வளையும், கோடுகள் நகர்ந்துடும். 760 பக்கத்துல வர்ற அடர்ந்த பட்டை நம்ம காற்றோட ஆக்சிஜன். விண்மீன் கணக்குல சேர்க்காதீங்க.

அடுத்தது, கோடுகளுக்கு மேல தொடர் ஒளியோட, அதாவது கோடே இல்லாம இருந்தா வர்ற ஒளியோட, மட்டத்தை வரையறது. அதிகம் சறுக்குறது இங்கேதான். மட்டம் கொஞ்சம் தாழ்ந்தாலும் மெல்லிய கோடுகள் சுருங்கும், தனிமம் குறைவா வரும். அதுக்காகத் தடித்த கோடுகளுக்குப் போகாதீங்க. அவை நிறைவடைஞ்சவை, அணுக்கள் கூடினாலும் அகலம் அதிகம் மாறாது. சமான அகலம் 0.01 நானோமீட்டருக்குக் கீழ உள்ள இரும்புக் கோடுகளை எடுங்க.

[திரை: ஒவ்வொரு இரும்புக் கோடும் தரும் அளவு, வரைபடமாக]

விண்மீனுக்கு ஒரு வெப்பநிலையும் பரப்பு ஈர்ப்பும் வெச்சு, ஒவ்வொரு கோட்டோட அகலத்துல இருந்தும் இரும்பு அளவைக் கணக்கிடுறோம். நடுநிலை இரும்போட, அதாவது எலக்ட்ரான் இழக்காத இரும்போட, எல்லாக் கோடும் ஒரே அளவைத் தரணும். கோட்டோட கிளர்வு ஆற்றல், அதாவது உறிஞ்சுறதுக்கு முன்னாடி எலக்ட்ரான் இருக்கிற மட்டத்தோட ஆற்றல், கூடக்கூட விடை ஏறினாலோ இறங்கினாலோ, நீங்க வெச்ச வெப்பநிலை தப்பு. நடுநிலை இரும்பு ஒரு அளவும் அயனி இரும்பு வேற அளவும் சொன்னா, பரப்பு ஈர்ப்பு மதிப்பை மாத்தி கணக்கை மறுபடி ஓட்டுங்க. ரெண்டும் ஒத்துப்போன பிறகு மத்த தனிமங்களுக்குப் போகலாம்.